ஆவுடையம்மாள் டீச்சர் தில்லி போன கதை

மே 6, செவ்வாய்

எழுத நேரமில்லை. வாடகை நாற்காலி மட்டும் இருநூறு. பந்தலின் உயரம் இமயமலைக்கு ஒரு முழம் குறைவு. ஒரே வாசலில் இவ்வளவு செருப்பைக் கோவில்பட்டி இதற்குமுன் பார்த்திருக்காது. சாயங்காலம் நாலு மணிக்குச் செம்பா தெருமுனைக்கு வந்துவிட்டாள். சமாளித்துத் திருப்பி அனுப்பினேன். அப்புறம் எல்லாரோடும் சுடுகாடு வரை நடந்துவிட்டு வந்தேன். கால் வலிக்கிறது.

மே 7, புதன்

பிற்காலத்தில் இந்த நோட்டைப் புரட்டப்போகும் சரித்திரப் பேராசிரியர்கள் குழம்பக் கூடாது. ஆகவே அறிவிக்கிறேன். நான் கோமதிநாயகம், வயது அறுபத்தேழு. கூட்ஸ் வண்டியின் கடைசிப் பெட்டியை முப்பத்தாறு வருஷம் கார்டாக இருந்து ஆண்டவன். எனக்கு முன்னால் ஐம்பத்தெட்டுப் பெட்டி போகும். எனக்குப் பின்னால் தண்டவாளம் மட்டும். வண்டி எப்போது புறப்பட்டது, எங்கே நின்றது, ஏன் நின்றது என்று எழுதி எழுதியே பழகிய கை. ஓய்வு பெற்ற பிறகும் தினம் நாலு வரி எழுதாவிட்டால் சோறு இறங்காது. இருப்பு விருதுநகரில், மகன் வீட்டில். இப்போது இருப்பது கோவில்பட்டியில், அக்கா வீட்டில்.

அக்கா பெயர் ஆவுடையம்மாள். எழுபத்தோரு வயது. மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கு டீச்சர். மற்ற டீச்சர்கள் அ, ஆ சொல்லிக்கொடுத்த காலத்தில் இவள் சட்டைப் பித்தானைப் போடச் சொல்லிக்கொடுத்தாள். ஒரு பித்தானுக்கு ஒரு வருஷம். அந்தக் கணக்கில் பார்த்தால் அவளிடம் படித்த பிள்ளைகள் போட்ட பித்தான்களை வரிசையாக அடுக்கினால் இங்கிருந்து கன்னியாகுமரி போய்த் திரும்பி வரலாம்.

காலையில் போய்ச் சாம்பலை எடுத்து வந்தோம். ஒரு மண்கலயம். நான்தான் தூக்கினேன். கனமே இல்லை. கலயத்தில் ஏதோ தப்பு இருக்கிறது.

நேற்றுச் செம்பாவைச் சமாளித்தது எப்படி என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன். செம்பா என்கிற செண்பகவல்லிக்கு முப்பத்துநாலு வயது. பேச்சு கொஞ்சம். சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்வாள். 'ஒரு நிமிஷத்துல வாரேன்' என்று சொல்லிவிட்டு உள்ளே போனால் அறுபது எண்ணிவிட்டுக் கூப்பிடுவாள். அவள் அம்மா மாடத்தி தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போகிறவள். ரெண்டு தெரு தள்ளி வீடு. அக்கா ஓய்வு பெற்ற பிறகும் செம்பாவை விடவில்லை. தினம் நாலு மணிக்கு வருவாள், ஆறு மணிக்குப் போவாள். அவள் தனியாக நடந்து வருவதற்கே அக்கா ரெண்டு வருஷம் பாடம் எடுத்தாள். முதலில் கூடவே, அப்புறம் பத்தடி பின்னால், அப்புறம் தெரு முனையில், அப்புறம் வாசலில்.

நேற்று அதே பாதையில் கைப்பையோடு வந்தாள். சங்கும் மேளமும் கேட்டுக் காதைப் பொத்திக்கொண்டு நின்றாள். கூட்டத்துக்குள் விட்டால் என்ன ஆகும்? ஓடிப்போய் மறித்தேன்.

"டீச்சர் எங்க?"

"டீச்சர் தில்லிக்குப் போயிருக்கா தாயி. அங்க பெரிய சபை. தங்க நாற்காலி போட்டு உக்கார வச்சு விருது குடுக்காங்க. ரயில்ல கடைசிப் பெட்டி முழுக்க அவளுக்குத்தான்."

"எப்ப வருவாங்க?"

"ரெண்டு நாள்."

"ரெண்டு நாள். வியாழக்கிழமை" என்றாள். திரும்பிப் போய்விட்டாள்.

ஆபத்தான கட்டத்தில் இவ்வளவு அழகாக யாரும் சமாளித்திருக்க முடியாது. அடக்கம் கருதி இதோடு நிறுத்துகிறேன்.

மே 8, வியாழன்

நாலு மணிக்கு வாசலில் செம்பா. சங்கரி, அக்காவின் மகள், கோயம்புத்தூரிலிருந்து வந்திருப்பவள், என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவளுடைய பத்து வயசு மகள் மிருதுளாவும் அதே பார்வை. குடும்பத்துக்கே ஒரே அச்சு.

"வண்டி லேட்டு தாயி" என்றேன்.

"எத்தனை மணி நேரம்?"

"நிறைய."

"எத்தனை மணி நேரம்?"

"ஆயிரம் தடவை கேக்காத செம்பா."

"ரெண்டு தடவை" என்றாள்.

கேட்டுக்குள் நாற்காலி போட்டுக் கொடுத்தேன். ஆறு மணி வரை உட்கார்ந்திருந்தாள். நடுவீட்டில் மாலை போட்ட படம் இருந்தது. அவள் கண்ணில் படாமல் இருக்க நடைக்கதவைச் சாத்தி வைத்தேன். அடிக்கடி நான்தான் அந்தப் பக்கம் போய் வந்தேன்.

மே 9, வெள்ளி

செம்பா வந்தாள். தில்லியில் பனிமூட்டம், ரயில் ஓடவில்லை என்றேன். இது மே மாதம் என்பது அப்புறம்தான் உறைத்தது. அவள் நம்பினாள்.

மே 11, ஞாயிறு

குடிதண்ணீர் வரும் நாள். பதினெட்டுக் குடம் பிடித்தேன். வீட்டில் இருப்பது மூன்று பேர், குடம் ஒன்பது. எதற்கு ரெண்டு தடவை பிடித்தேன் என்று சங்கரி கேட்டாள். கேள்வி நியாயமானதுதான்.

ஏழு மணி ஆனதும் மிருதுளா போனை எடுத்துக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்தாள். ஞாயிறு ஏழு மணி என்பது அக்கா இவளுக்குப் போன் போடும் நேரம். போன் இங்கே இருக்கிறது, பேத்தியும் இங்கே இருக்கிறாள்.

"ஆச்சி என்ன பேசுவா?" என்று கேட்டேன்.

"எல்லாரும் இந்த வாரம் எதுல ஜெயிச்சன்னு கேப்பாங்க. ஆச்சி எதுல தோத்தன்னு கேப்பா. நான் கணக்குல தோத்தேன், ஸ்கிப்பிங்ல தோத்தேன்னு சொல்லுவேன். 'அடி சமத்து, எங்க தப்பு வந்துச்சு, அதச் சொல்லு'ம்பா."

"இந்த வாரம் எதுல தோத்த?"

"நீங்க கேக்க வேண்டாம்" என்றாள். கொஞ்சம் கழித்து, "தாத்தா, ஆச்சி செத்துப்போயிட்டாதான? செம்பா அக்காகிட்ட ஏன் பொய் சொல்றீங்க?"

பெரியவர்கள் பேச்சில் குறுக்கிடக் கூடாது என்று கண்டித்தேன். பேச்சைத் தொடங்கியது நான்தான் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

மே 12, திங்கள்

வந்தாள். இருந்தாள். போனாள். வண்டி போபாலில் நிற்கிறது என்று சொல்லியிருக்கிறேன்.

மே 13, செவ்வாய்

துக்கம் கேட்க வந்தவர்களில் இன்று மூன்று பேர் அக்காவின் பழைய பிள்ளைகள். ஒருத்தன் தையல் கடையில் காஜா போடுகிறான். ஒருத்தி மாவு மில்லில் சாக்குக் கட்டுகிறாள். மூன்றாவது ஆள் வேலை எதுவும் செய்வதில்லை. ஆனால் வணக்கம் வைத்தான். கையை மார்பில் சரியான உயரத்தில் வைத்து. பின்னால் நின்ற அவன் அப்பா, "இதுக்கு நாலு வருஷம் சார்" என்றார். வணக்கத்தைச் சொல்கிறாரா, நாலு வருஷத்தைச் சொல்கிறாரா என்று தெரியாத குரல்.

செம்பாவை அக்கா முதலில் பார்த்த கதை எனக்குத் தெரியும். ஆனால் இன்று மாடத்தியே சொன்னாள். வேலைவிட்டு வரும் வழியில் மகளைக் கூட்டிப்போக வந்தவள், வாசலில் நின்றபடி சொன்னாள்.

"அஞ்சு வயசு அண்ணாச்சி இவளுக்கு. கைய கடிச்சுக்கிடுவா, ரோட்டுக்கு ஓடிருவா. வேலைக்குப் போவாட்டா அடுப்பெரியாது. ஜன்னல் கம்பியில ஒரு பழைய சேலையக் கிழிச்சுக் கட்டிப்போட்டுட்டுப் போவேன். ஒரு நாள் டீச்சர் அந்த வழியா வந்து பாத்துட்டா. நான் வந்து நிக்கேன், இவ மடியில இருக்கா, கட்டு அவுந்து கெடக்கு. ஏசுவான்னு நெனச்சேன். ஒரு வார்த்த ஏசல. 'நாளைக்கு எட்டு மணிக்கு நான் வாரேன். அந்தச் சேலைய நீ உடுத்திக்கிட முடியாது, தரை தொடைக்க வச்சுக்கோ'ன்னா."

அக்காவின் பள்ளிக்கூடம் அப்போது ஒரு அரிசி மில்லின் பின்னறை. மூன்று பிள்ளைகள், ஒரு பாய். செம்பா கையைக் கடிக்காமல் இருக்க ஏழு வருஷம் ஆனது. கோபம் வந்தால் இடது கையை வலது கையால் இறுகப் பிடித்துப் பத்து எண்ணச் சொல்லிக்கொடுத்தாள். ஏழு வருஷம் என்று நான் எழுதுவது மிகையல்ல. என் வாழ்க்கையில் மிகைப்படுத்தாத எண் அது ஒன்றுதான்.

இன்று போகும்போது செம்பாவின் மணிக்கட்டில் சிவப்பாக ஒரு வளையம் இருந்தது. வளையலாக இருக்கும்.

மே 14, புதன்

வளையல் இல்லை.

காலை ஒன்பது மணிக்கு மாடத்தி வேலையிலிருந்து ஓடிவந்தாள். பக்கத்து வீட்டுக்காரி சொல்லி அனுப்பியிருக்கிறாள், வீடு திறந்து கிடக்கிறது, செம்பாவைக் காணோம் என்று. தேடினோம். சந்தை, கோயில், பஸ் நிலையம், அரிசி மில் இருந்த இடம். சங்கரி போலீசுக்குப் போனாள். பன்னிரண்டு மணி வெயிலில் ரோட்டின் நடுவில் நின்று, நான் அந்தப் பிள்ளையிடம் இதுவரை என்னென்ன சொல்லியிருக்கிறேன் என்று வரிசையாக நினைத்துப் பார்த்தேன்.

ஸ்டேஷனுக்கு ஓடினேன். முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்தவன் நான். கடைசிப் பெட்டி எங்கே நிற்கும் என்று எனக்குத் தெரியும். பிளாட்பாரத்தின் கடைசியில், கூரை முடிந்து, ஆளரவம் முடிந்து, செடி முளைத்துக் கிடக்கும் இடம். அங்கே நின்றுகொண்டிருந்தாள். கைப்பை தோளில். செருப்பு இல்லை. கையில் ரத்தம் காய்ந்திருந்தது.

"ஆறு வண்டி" என்றாள். "கடைசிப் பெட்டி. டீச்சர் இறங்கல."

தோளைத் தொட்டேன். திமிறிக்கொண்டு கையை வாய்க்குக் கொண்டுபோனாள். ஏழாவது வண்டி வந்தது. நானும் அவளும் சேர்ந்து நின்று கடைசிப் பெட்டியைப் பார்த்தோம்.

மே 15, வியாழன்

மாடத்தி இன்று வேலைக்குப் போகவில்லை. என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். காபி கொடுத்தாள். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மதுரைல ஒரு ஹோம் இருக்காம். இப்படிப்பட்ட பிள்ளைகள வச்சுப் பாத்துக்கிடுவாங்களாம். எங்க தங்கச்சி விசாரிச்சு வச்சிருக்கா. இருபத்திரண்டாம் தேதி கொண்டுபோய் விடப்போறேன்."

"அவசரப்படாத மாடத்தி."

"நேத்து ரயில்ல விழுந்திருந்தா? வேலைக்குப் போனா இவள ஆரு பாப்பா? டீச்சர் இருந்தாக, நாலு மணிக்குப் போவோம்ங்கிற நெனப்புலயே காலைல இருந்து வீட்டுல அமைதியா இருப்பா. இப்ப? திரும்ப நான் கட்டிப்போடவா அண்ணாச்சி?"

உள்ளே செம்பா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது. என்னைப் பார்த்ததும், "தில்லி வண்டி" என்றாள். எனக்கு ஒரு பொய்யும் கிடைக்கவில்லை. என் சரித்திரத்தில் இது முதல் தடவை.

ஏழு வருஷத்தை ஒன்பது நாளில் அழித்திருக்கிறேன். இதற்கும் ஒரு விருது உண்டென்றால் எனக்குத்தான்.

மே 16, வெள்ளி

சங்கரி பீரோவை ஒழித்தாள். சேலைகள் பதினொன்று. அதில் ஏழு வெள்ளை, மையும் எச்சிலும் படிந்து வெளுக்காதவை. கீழ்த்தட்டு முழுக்க நோட்டு. ஒரு பிள்ளைக்கு ஒரு கட்டு. செம்பாவின் கட்டு பத்தொன்பது நோட்டு. "இத என்ன செய்ய மாமா?" என்றாள். நான் வாங்கிக்கொண்டேன்.

வேப்பமரத்தடியில் உட்கார்ந்து படித்தேன். அக்கா எழுத்து அவளைப் போலவே நிமிர்ந்து நிற்கும். எல்லாம் ஒரு வரி, ரெண்டு வரி. 'இன்று கரண்டியைத் தானே பிடித்தாள்.' 'இன்று பிடிக்கவில்லை.' 'இன்று பிடிக்கவில்லை.' இப்படி நாலு பக்கம். பொறுமை என்பதை நான் இதுவரை ரயில்வே கேட்டில்தான் பார்த்திருக்கிறேன்.

செம்பாவின் அப்பா காலமான வருஷத்து நோட்டில் இது இருந்தது. அப்படியே எடுத்து எழுதுகிறேன்.

'செண்பகவல்லியின் தந்தை காலமாகி ஒன்பதாம் நாள். வீட்டில் அப்பா தூங்குகிறார் என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து இவள் படுக்க மறுக்கிறாள். தூங்கினால் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயப்படுகிறாள். ஊருக்குப் போனார், சாமியிடம் போனார், தூங்குகிறார் - எதுவும் கூடாது. இன்று நான் சொன்னேன். அப்பா செத்துப்போனார். மூச்சு இல்லை. சாப்பிடமாட்டார். வரமாட்டார். நான்கு வாக்கியம். எத்தனை தடவை கேட்டாலும் இதே நான்கு. கூட்டவில்லை, குறைக்கவில்லை. பிறகு சுடுகாட்டுக்கு அழைத்துப்போய் இடத்தைக் காட்டினேன். பெண்பிள்ளைகள் வரலாமா என்று தெருவே ஏசியது. இரவு படுத்தாள் என்று தாய் சொன்னாள்.'

இன்னொரு நோட்டில்:

'தம்பி கோமதி வந்திருக்கிறான். செண்பகவல்லியோடு அவனைப் பேச விடக் கூடாது. அவன் பேச்சில் பாதி காற்று. ஆனால் அவன் வந்தால் இவள் சிரிக்கிறாள். விடலாம்.'

மே 17, சனி

இன்று சொல்லிவிடலாம் என்றுதான் கிளம்பினேன். பாதி வழியில் தலைவலி.

மே 18, ஞாயிறு

தலைவலி. மிருதுளா தைலம் கொண்டு வந்தாள்.

"எதுல தோத்தீங்க தாத்தா?" என்றாள்.

"ஒரு வார்த்தைல" என்றேன்.

"எங்க தப்பு வந்துச்சு, அதச் சொல்லுங்க."

தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். அவள் யோசித்துவிட்டு, தைலத்தை அங்கேயும் தடவிவிட்டாள்.

மே 20, செவ்வாய்

நாளை பதினாறாம் நாள் காரியம். நாளை மறுநாள் மதுரை. மாடத்தி பெட்டி வாங்கிவிட்டாள்.

மூன்றரை மணிக்குப் போனேன். மாடத்தியிடம் சொன்னேன், உண்மையைச் சொல்லப்போகிறேன் என்று.

"வேண்டாம் அண்ணாச்சி. கையத் தின்னுருவா."

"எங்கக்கா எழுதி வச்சிருக்கா. படிக்கவா?"

படித்துக் காட்டினேன். மாடத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "சொல்லுங்க" என்றாள்.

செம்பாவுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தேன். முட்டி மடங்காது, மடக்கினேன்.

"செம்பா. டீச்சர் தில்லியில இல்ல. மாமா பொய் சொன்னேன்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. என் சட்டைப் பித்தானைப் பார்த்தாள்.

"பனிமூட்டம்?"

"பனிமூட்டம் இல்ல."

"போபால்?"

"போபாலும் இல்ல."

"கடைசிப் பெட்டி?"

"இல்ல தாயி."

"தங்க நாற்காலி?"

"இல்ல."

"விருது?"

நான் கட்டிய கோட்டையிலிருந்து ஒவ்வொரு கல்லாக உருவிக்கொண்டிருந்தாள்.

"விருது இல்ல. எப்பவும் குடுக்கல. டீச்சருக்கு ஒருத்தரும் ஒண்ணும் குடுக்கல."

பக்கத்து வீட்டில் யாரோ அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"டீச்சர் எங்க?"

இந்தப் பதினைந்து நாளில் இருநூறு பேருக்குப் போனில் சொல்லியிருக்கிறேன். 'தவறிட்டா', 'போயிட்டா', 'நம்மள விட்டுட்டுப் போயிட்டா.' இந்த நோட்டில் அதைக்கூட எழுதவில்லை.

"டீச்சர் செத்துப்போயிட்டாங்க" என்றேன். "மூச்சு இல்ல. சாப்பிடமாட்டாங்க. வரமாட்டாங்க."

செம்பாவின் கை மேலே எழுந்தது. மாடத்தி பாய்ந்து வந்தாள். கை வாய்க்குப் பக்கத்தில் நின்றது.

"அப்பா மாதிரியா?" என்றாள் செம்பா.

"ஆமா. அப்பா மாதிரி."

வலது கை வந்து இடது கையைப் பிடித்தது. துணிக் கட்டின்மேல் இறுகப் பிடித்தாள். உதடு அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தாள். பத்து எண்ணி முடித்தாள். மறுபடி ஒன்றிலிருந்து.

அப்புறம் கேட்டாள். "நாளைக்கு வருவாங்களா?"

"வரமாட்டாங்க."

"வியாழக்கிழமை வருவாங்களா?"

"வரமாட்டாங்க."

"டீச்சர் எங்க?"

"செத்துப்போயிட்டாங்க. மூச்சு இல்ல. சாப்பிடமாட்டாங்க. வரமாட்டாங்க."

இருபத்தாறு தடவை கேட்டாள். நான் வாழ்க்கையில் ஒரு கதையை ரெண்டாவது தடவை சொல்லும்போது அதே மாதிரி சொன்னவன் இல்லை. இன்று இருபத்தாறு தடவையும் அதே நான்கு வாக்கியம். ஐந்தாவது தடவையில் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். பன்னிரண்டாவது தடவையில் கண்ணாடியைக் கழற்றி வைத்தேன். பதினெட்டாவது தடவைதான், என் வாயிலிருந்து வருவதை நான் கேட்டேன். என் அக்கா ஆவுடையம்மாள். பள்ளிக்கூடத்துக்கு என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனவள். நான்கு வயசு வித்தியாசத்தில் என்னைத் தூக்கியிருக்கவே முடியாது, இழுத்துக்கொண்டு போயிருப்பாள். மூச்சு இல்லை. சாப்பிடமாட்டாள். வரமாட்டாள்.

ஐந்து மணிக்கு மூன்று பேரும் சுடுகாட்டுக்கு நடந்தோம். வழியில் ஒரு பெரியவர், "பொம்பளையாளுகளக் கூட்டிட்டுப் போறீரே" என்றார். நான் ஏதாவது பெரிதாகச் சொல்லியிருப்பேன். "ஆமா" என்று மட்டும் சொன்னேன்.

இடத்தைக் காட்டினேன். தண்ணீர் விட்டுக் கழுவி, காய்ந்து, ஒரு கருப்புத் தடம் மட்டும் இருந்தது. செம்பா குனிந்து பார்த்தாள். "இங்க" என்றாள். "இங்க" என்றேன். கைப்பையைத் திறந்து தன் பாட நோட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, திரும்ப உள்ளே வைத்து மூடினாள். மாடத்திதான் சத்தமாக அழுதாள். ஜன்னலில் கட்டிய அந்தச் சேலையைப் பற்றி ஏதோ சொல்லிச் சொல்லி அழுதாள்.

திரும்பும்போது செம்பா என்னிடம் கேட்டாள்.

"மாமா எப்ப சாவீங்க?"

எமனையே கடைசிப் பெட்டியில் ஏற்றி வழியில் கழற்றிவிட்டவன் நான் என்று பத்துப் பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

"தெரியாது. ஒரு நாள் சாவேன்."

"நாளைக்கு நாலு மணிக்கு?"

"நாலு மணிக்கு வீட்டுல இருப்பேன்னுதான் நினைக்கேன்" என்றேன்.

மே 21, புதன்

பதினாறாம் நாள். ஐயர் வந்தார், சமையல்காரர் வந்தார், சொந்தம் வந்தது. பாயசத்தில் உப்பு என்று ஒரு சித்தப்பா சண்டை போட்டார், உப்பு இல்லை. மூன்று மணிக்குள் பந்தல் காலி.

நடைக்கதவைத் திறந்து வைத்தேன். நாலு மணிக்குச் செம்பா வரவில்லை. ஐந்துக்கும் வரவில்லை. ஆறு மணி வரை கேட்டுக்குள் அவள் நாற்காலியில் நானே உட்கார்ந்திருந்தேன்.

சங்கரி பக்கத்தில் வந்து நின்றாள்.

"அம்மா இருந்தா உங்களக் கொன்னிருப்பா மாமா."

"தெரியும்."

"அப்புறம் காபி குடுத்திருப்பா." பதினாறு நாள் எல்லாருக்கும் பரிமாறிக்கொண்டே இருந்த பிள்ளை, அப்போதுதான் தரையில் உட்கார்ந்தாள்.

நாளைக்கு வீட்டைப் பூட்டுவதாக இருந்தார்கள். சாவியை என்னிடம் தரச் சொன்னேன். எதற்கு என்றாள். செடிக்குத் தண்ணீர் ஊற்ற என்றேன். வீட்டில் செடி கிடையாது, ஒரு வேப்பமரம்தான். சாவியைக் கொடுத்தாள்.

மே 22, வியாழன்

காலை வண்டியில் சங்கரியும் மிருதுளாவும் கோயம்புத்தூர் போனார்கள். ஏறும்போது மிருதுளா என் காதில், "ஞாயித்துக்கிழமை ஏழு மணி. போன நீங்க போடணும்" என்றாள்.

மதுரைக்குப் பஸ் பதினொன்றரைக்கு. எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் பஸ் நிலையத்துக்குப் போவதில்லை என்று முடிவு செய்து, வீட்டைக் கூட்டினேன். மறுபடி கூட்டினேன். பாத்திரம் கழுவினேன். சோறு வடித்தேன், இறங்கவில்லை. கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று அதைத் துடைத்தேன்.

நாலு மணிக்குக் கேட் சத்தம்.

தனியாக வந்திருந்தாள். தலை பின்னி, செருப்புப் போட்டு. தெருமுனையில் மாடத்தி நின்றாள். கையைத் தூக்கிக் காட்டிவிட்டு அங்கேயே நின்றாள், வரவில்லை. மணிக்கட்டில் துணி இல்லை. பழைய தடம் கருத்திருந்தது. புதிது இல்லை.

என்ன பாடம் எடுப்பது என்று எனக்குத் தெரியாது. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். செம்பா முந்திக்கொண்டாள். வாசல் நிலையில் நேராக நின்று, எனக்குத் தெரியாத செய்தியைச் சொல்வதுபோல, ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"டீச்சர் செத்துப்போயிட்டாங்க. மூச்சு இல்ல. சாப்பிடமாட்டாங்க. வரமாட்டாங்க."

அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். முழுதாக, முதல் தடவையாக.

"மாமா இருக்காங்க" என்றாள்.